இறுக்கிப் பிடிப்பதா, உறங்க வைப்பதா? குழந்தைப் பல் சிகிச்சையும் பெற்றோரின் மனப்பாங்கும்

அமெரிக்காவில் குழந்தைகளுக்கு மட்டுமே பல் மருத்துவம் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் எவாஞ்சலின் ஜோர்டன். சொன்ன பேச்சைக் கேட்காமல் அலறித் திமிறும் குழந்தையின் வாய்மேல் மடித்த துணியை வைத்துப் பிடிக்கலாம் என்று 1920களில் அவர் எழுதினார். பின்னாளில் துணி போய்க் கை வந்தது. மருத்துவர் உள்ளங்கையால் குழந்தையின் வாயை மூடுவார். காதருகே குனிந்து, அழுகையை நிறுத்தினால் கையை எடுத்துவிடுவதாகச் சொல்வார். குழந்தை அடங்கியதும் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்துப் பாராட்டுவார். பல தலைமுறை மாணவர்கள் இதைப் பாடமாகவே படித்தார்கள். 2006இல் அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து இந்த முறையை நீக்கியது.

இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் குழந்தைகள் அழுவதை நிறுத்திவிடவில்லை. மருந்துகள் பெருகின, சட்டம் கடுமையானது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருந்த பெற்றோர் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். தம் பிள்ளையின் வாயை யார், எப்படித் திறக்க வைக்கிறார்கள் என்பதில் தமக்கும் ஒரு சொல் உண்டு என்றார்கள். அந்தச் சொல் என்ன என்று அறிவதற்காக 1980களிலிருந்து அமெரிக்கா, இஸ்ரேல், சவூதி அரேபியா, ஜோர்டான், ஈரான், இந்தியா எனப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: எந்த முறை உங்களுக்குச் சம்மதம், எது சம்மதமில்லை?

அந்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு தரப்பட்டியல் கிடைக்கும். ஆனால் அடுத்தடுத்து வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் பட்டியல் ஆட்டம் காண்கிறது. பெற்றோர் எந்த முறையையும் தனியாக வைத்து எடைபோடுவதில்லை. இது எதற்குப் பதிலாக என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய மனப்பாங்கை அறிய, அவர்கள் முன் வைக்கப்பட்ட மாற்று வழிகளையும் அறிய வேண்டும்.

மூவர் இருக்கும் அறை

பெரியவர் ஒருவர் பல் மருத்துவரிடம் போனால் அது இருவருக்கு இடையிலான விவகாரம். குழந்தை போனால் மூவர். கனடாவைச் சேர்ந்த ஜெரால்ட் ரைட் 1975இல் இதை ஒரு முக்கோணமாக வரைந்தார்: உச்சியில் குழந்தை, கீழே இரு முனைகளில் பெற்றோரும் மருத்துவரும். பின்னால் வந்தவர்கள் முக்கோணத்தைச் சுற்றிச் சமூகத்தையும் சேர்த்தார்கள். இந்த அமைப்பில் ஒரு கோணல் உள்ளடங்கியிருக்கிறது. வலிப்பவருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை, முடிவெடுப்பவருக்கு வலிப்பதில்லை. மருத்துவரோ இருவரையும் ஒரே நேரத்தில் இணங்க வைத்தாக வேண்டும்.

அதற்கு அவர் கையாளும் வழிகள் ஓர் ஏணிபோல மென்மையிலிருந்து கடுமைக்குப் போகின்றன. முதற்படி, சொல்லிக் காட்டிச் செய்வது. 1959இல் அடெல்ஸ்டன் முறைப்படுத்திய இந்த வழியில், மருத்துவர் முதலில் குழந்தைக்குப் புரியும் சொற்களில் என்ன நடக்கப்போகிறது என்று சொல்வார். பிறகு பல் தேய்க்கும் சுழல் தூரிகையைக் குழந்தையின் விரல் நகத்தில் ஓடவிட்டுக் காட்டுவார். அதன் பிறகே வாய்க்குள் கொண்டுபோவார். இதோடு சேர்ந்தவை பாராட்டு, சின்னப் பரிசு, கார்ட்டூன் காட்டிக் கவனத்தைத் திருப்புவது போன்றவை. அடுத்தது குரலை மாற்றுவது. இளகிய குரலில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று உறுதியான குரலுக்கு மாறிக் குழந்தையின் கவனத்தைப் பிடிப்பார்.

அதற்கும் மேலே மருந்துகள் வருகின்றன. நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை ஆக்சிஜனோடு கலந்து மூக்கு முகமூடி வழியாகக் கொடுத்தால் குழந்தை விழித்திருக்கும், சொன்னதைக் கேட்கும், ஆனால் பதற்றம் தணிந்திருக்கும். மிடசோலம் போன்ற மருந்தை வாய்வழியே கொடுத்து அரைத் தூக்க நிலைக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. உடலைப் பிடித்து நிறுத்துவது வேறொரு கிளை. தாயோ உதவியாளரோ கைகால்களைப் பிடித்துக்கொள்வது ஒரு வகை. பட்டைகள் வைத்த துணியால் குழந்தையைப் பலகையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுவது மற்றொரு வகை. ஏணியின் உச்சியில் முழு மயக்கம். குழந்தையை உறங்க வைத்து, தேவையான எல்லாப் பற்களுக்கும் ஒரே மூச்சில் சிகிச்சை செய்துவிடுவார்கள்.

இந்த ஏணி மருத்துவர் மனத்தில் இருப்பது. பெற்றோர் மனத்தில் இருக்கும் ஏணி வேறு.

மாறிய வரிசை

1984இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மர்ஃபி, ஃபீல்ட்ஸ், மேக்கன் ஆகிய மூவரும் இந்தத் துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்றை வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வெவ்வேறு முறைகளில் சிகிச்சை நடக்கும் ஒளிப்பதிவுகளைப் பெற்றோருக்குப் போட்டுக்காட்டி, எது ஏற்கத்தக்கது என்று மதிப்பிடச் சொன்னார்கள். சொல்லிக் காட்டிச் செய்வதும் பாராட்டுவதும் மேலே நின்றன. துணிப்பலகையில் கட்டுவதும் முழு மயக்கமும் அடித்தட்டுக்குப் போயின. பார்வைக்கு எதிரும் புதிருமான இரண்டு முறைகளையும் பெற்றோர் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கினார்கள். அதே குழு அதே ஆண்டில் வெளியிட்ட இணை ஆய்வு ஒன்று இந்த வரிசைக்கு ஒரு திருத்தம் சொன்னது: நடக்கப்போகும் சிகிச்சை என்ன என்பதைப் பொறுத்துப் பெற்றோரின் ஏற்பும் மாறியது. வெறுமனே பல்லைத் துப்புரவு செய்ய ஒப்பாத ஒன்று, அவசரச் சிகிச்சை என்றால் பொறுத்துக்கொள்ளத்தக்கதாக ஆகலாம்.

2005இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஈட்டன் குழுவினர் இதே பாணியில் ஓர் ஆய்வு செய்தார்கள். 1984 ஆய்வில் இருந்த ஃபீல்ட்ஸ் இதிலும் இருந்தார். இருபதாண்டு இடைவெளியில் முதலிடம் மாறவில்லை. சொல்லிக் காட்டிச் செய்வதே மேலே. அடுத்து நைட்ரஸ் ஆக்சைடு. மூன்றாம் இடத்தில்தான் வியப்பு. முன்பு அடித்தட்டில் கிடந்த முழு மயக்கம் அங்கே ஏறி வந்திருந்தது. கட்டி வைப்பதும் வாயைக் கையால் மூடுவதும் கடைசியில். குரலை உயர்த்துவதும் கீழ்ப்பாதிக்குச் சரிந்திருந்தது. மருத்துவரின் ஏணியில் உச்சிப்படியாக இருப்பது பெற்றோருக்கு மூன்றாம் படியாகவும், அங்கே தொடக்கப்படிகளில் ஒன்றான உறுதிக்குரல் இங்கே கடுமையானதாகவும் ஆகிவிட்டது.

பெற்றோரிடம் வந்துகொண்டிருந்த மாற்றத்தை அமெரிக்க மருத்துவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. 2002இல் கேசமாசிமோ குழுவினர் அந்நாட்டுக் குழந்தைப் பல் மருத்துவ வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டார்கள். தங்கள் பணிக்காலத்தில் பிள்ளை வளர்ப்பு முறை மாறிவிட்டது, அந்த மாற்றம் நல்லதல்ல, அதனால் குழந்தைகள் நாற்காலியில் மோசமாக நடந்துகொள்கிறார்கள் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். இது குழந்தைகளின் நடத்தையை அளந்த ஆய்வு அல்ல; மூத்த தலைமுறை இளைய தலைமுறையைப் பற்றிச் சொன்ன கருத்து. எல்லாக் காலத்திலும் மூத்தோர் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் இரு தரப்புக்கும் இடையே நம்பிக்கை மெலிந்து வந்ததை இந்த ஆய்வு காட்டிக்கொடுக்கிறது.

கண்ணில் படும் துயரமும் படாத ஆபத்தும்

முழு மயக்கம் ஏன் மேலே ஏறியது? மயக்க மருத்துவம் பாதுகாப்பாகியிருக்கிறது என்பது ஒரு காரணம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஐந்தாறு முறை அலைவதைவிட ஒரே நாளில் முடிவது வசதி என்பது மற்றொன்று. ஆனால் பட்டியலின் இரு முனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இன்னொரு காரணம் புலப்படுகிறது. கட்டி வைக்கப்பட்ட குழந்தை கண்ணெதிரே கதறுகிறது. மயக்கப்பட்ட குழந்தை கதவுக்கு அப்பால் உறங்குகிறது. முதலாவதில் துயரம் தெரிகிறது, ஆபத்து குறைவாகத் தெரிகிறது. இரண்டாவதில் துயரமே தெரிவதில்லை. அரிதான ஆனால் பெரிதான ஆபத்து கையெழுத்துப் படிவத்தின் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. பெற்றோர் பார்க்க முடிந்ததை வைத்து எடைபோடுகிறார்கள். அதில் பிழை காண்பதற்கு ஒன்றும் இல்லை. காட்டப்படாததை எடைபோட யாராலும் முடியாது.

காட்டப்படாத பக்கத்தில் என்ன இருக்கிறது? இங்கிலாந்தில் 2001 இறுதி வரை தெருமுனைப் பல் மருத்துவமனைகளிலேயே முழு மயக்கம் கொடுத்துப் பல் பிடுங்க முடிந்தது. அப்படிச் சில குழந்தைகள் இறந்ததை அடுத்து, 2000இல் வந்த சுகாதாரத் துறை அறிக்கையின்படி, அவசர வசதிகள் உள்ள பொது மருத்துவமனைகளில் மட்டுமே அது நடக்க வேண்டும் என்று ஆனது. அமெரிக்காவில் குழந்தை மருத்துவக் கழகமும் குழந்தைப் பல் மருத்துவக் கழகமும் 2019இல் சேர்ந்து புதுப்பித்த நெறிகள், பல் மருத்துவமனையில் ஆழ்ந்த மயக்கம் கொடுக்கும்போது அதற்கெனப் பயிற்சி பெற்ற இருவராவது உடனிருக்க வேண்டும் என்கின்றன. சிகிச்சை செய்பவரே மயக்கத்தையும் கவனித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அவை முற்றுப்புள்ளி வைக்க முயன்றன.

வளரும் மூளை பற்றிய கேள்வியும் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்ப வரும் மயக்கம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்தது. மறுபுறம், கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரேயொரு முறை மயக்கம் பெற்றவர்களின் அறிவுத்திறன், ஐந்து வயதில் மயக்கம் பெறாதவர்களுக்கு இணையாகவே இருந்தது என்று ஒரு பன்னாட்டுச் சோதனை 2019இல் லான்செட் இதழில் தெரிவித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது: சிறிய ஒற்றை மயக்கத்தைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை, நீண்ட மயக்கத்தையும் மறு மயக்கத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பல பற்களுக்கு ஒரே அமர்வில் சிகிச்சை என்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். உணவுப் பழக்கமும் பல் துலக்கும் பழக்கமும் மாறாத வீட்டில் சொத்தை திரும்பி வருவதும் சாதாரணம். அப்போது மறு மயக்கம் வெறும் கற்பனையாக இராது.

இறுக்கிப் பிடிப்பதை இதனால் நியாயப்படுத்திவிட முடியாது. அச்சத்தோடு கட்டுண்டு கிடந்த அனுபவம் அடுத்த சிகிச்சைக்கும் நிழலாகத் தொடரலாம். ஆகவேதான் நெறிகள், தனியாகக் கேட்டுப் பெற்ற இசைவு இல்லாமலோ, தண்டனையாகவோ, மருத்துவரின் வசதிக்காகவோ அதைச் செய்யக் கூடாது என்கின்றன. இங்கே சொல்ல வருவது, இரண்டு தட்டுகளிலும் எடை இருக்கிறது என்பதும், பெற்றோருக்கு ஒரு தட்டு மட்டுமே கண்ணில் படுகிறது என்பதும்தான்.

விளக்கம் எதற்காக

காட்டப்படாததைக் காட்டினால் என்ன ஆகும்? 1991இல் லாரன்ஸ் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதிப் பெற்றோருக்கு ஒவ்வொரு முறையும் ஏன், எப்போது கையாளப்படுகிறது என்று விளக்கிய பின் காட்சியைக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு விளக்கம் இல்லாமல் காட்டினார்கள். விளக்கம் பெற்றவர்கள் அதே காட்சிகளைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள். 1995இல் ஆலன் குழுவினர் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: விளக்கத்தை அச்சடித்த தாளில் கொடுப்பது நல்லதா, ஒளிப்பதிவில் காட்டுவதா, நேரில் பேசுவதா? நேரில் பேசக் கேட்ட பெற்றோரே தமக்கு நன்றாகப் புரிந்ததென்றும் தாம் இசைவதாகவும் அதிகம் சொன்னார்கள். வரவேற்பு மேசையில் நீட்டப்படும் படிவம் சட்டத் தேவையை நிறைவேற்றலாம். புரிதலை உண்டாக்குவது மருத்துவரின் வாய்ச்சொல்.

இந்த முடிவுகளை மருத்துவ இதழ்கள் நற்செய்தியாகவே வரவேற்றன. ஆனால் ஒரு சந்தேகத்தை இங்கே எழுப்பியாக வேண்டும். விளக்கினால் சம்மதம் கூடுகிறது என்பதை வெற்றியாக எண்ணினால், விளக்கத்தின் நோக்கம் சம்மதம் வாங்குவது என்று ஆகிவிடுகிறது. நேர்மையான விளக்கம் சிலரை மறுக்கவும் வைக்க வேண்டும். ஒரு முறையின் நன்மையையும் தீமையையும், அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும், வேறு என்ன வழி உண்டு என்பதையும் சொன்ன பின்னும் ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால், சொன்ன விதத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

இந்தியச் சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரின் இசைவோடு நல்லெண்ணத்தில் செய்யப்படும் செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு அது. அந்த இசைவு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துரைத்தது. பரிசோதனைக்குக் கொடுத்த இசைவு அறுவைச் சிகிச்சைக்குப் பொருந்தாது. மாற்று வழிகளையும் ஆபத்துகளையும் அறிந்து கொடுப்பதே இசைவு என்றது. அது வயதுவந்த பெண் ஒருவரின் வழக்கு. ஆனால் அதன் தர்க்கத்தைப் பல் நாற்காலி வரை நீட்டினால், சொத்தையை அடைக்கச் சம்மதித்த தாய் பிள்ளையைக் கட்டி வைப்பதற்கும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை.

உள்ளே இருக்கலாமா, வெளியே நிற்க வேண்டுமா

கிட்டத்தட்ட எல்லா நாட்டு ஆய்வுகளிலும் பெற்றோர் அழுத்திச் சொல்லும் விருப்பம் ஒன்று உண்டு: சிகிச்சையின்போது நாங்கள் உடன் இருக்க வேண்டும். மருத்துவர்கள் நெடுங்காலம் இதை எதிர்த்தார்கள். தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளை கூடுதலாக அடம்பிடிக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

இதற்கு முதலில் சான்று தேடியவர்கள் ஃபிராங்கல், ஷியர், ஃபோகல்ஸ் ஆகியோர். 1962இல் அவர்கள் செய்த ஆய்வில், ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு வயதுக் குழந்தைகள் தாய் உடனிருந்தபோது நன்றாக ஒத்துழைத்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதினரிடம் வேறுபாடு தெரியவில்லை. நடத்தையை நான்கு படிகளில் அளக்க அவர்கள் அன்று பயன்படுத்திய அளவுகோல் ஃபிராங்கல் பெயரில் இன்றும் உலகெங்கும் பல் மருத்துவமனைகளில் புழங்குகிறது. அளவுகோலை எடுத்துக்கொண்ட துறை, தாய் உடனிருப்பது சின்னக் குழந்தைக்கு நன்மை செய்தது என்ற முடிவை நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், உடனிருப்பது பொதுவாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லச் சான்று போதாது என்றே முடித்தார்கள்.

காரணம் எளிது. உடல் உடனிருப்பது மட்டும் கணக்கில் வராது. எந்த மனத்தோடு இருக்கிறார் என்பதும் வரும். குழந்தைகளில் சுமார் 9 விழுக்காட்டினருக்குக் கடுமையான பல் சிகிச்சை அச்சம் இருப்பதாகக் கிளிங்பெர்க், பிராபெர்க் இருவரும் 2007இல் செய்த தொகுப்பாய்வு கணித்தது. அந்த அச்சம் மூன்று வழிகளில் வரலாம்: தன் சொந்த வலியிலிருந்து, பிறர் பயப்படுவதைப் பார்த்து, பிறர் சொல்லக் கேட்டு. பின்னிரண்டும் பெரும்பாலும் வீட்டிலேயே நடக்கின்றன. பெற்றோரின் பல் அச்சத்துக்கும் பிள்ளையின் அச்சத்துக்கும் உள்ள தொடர்பை, குறிப்பாக எட்டு வயது வரை, 2010இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. 2012இல் மாட்ரிட்டில் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டது. தாயின் அச்சம் பிள்ளைக்குப் போய்ச்சேர்வதில் தந்தை இடைவழியாக நிற்கிறார். அவர் கலங்காமல் இருந்தால் அந்தக் கடத்தல் தடைபடக்கூடும்.

நம் ஊர்களில் பிறர் சொல்லக் கேட்டு அஞ்சும் அந்த மூன்றாம் வழிக்கு இடைவிடாத பயிற்சி நடக்கிறது. சாப்பிடாவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் டாக்டர் மாமா என்று மிரட்டி வளர்க்கப்பட்ட பிள்ளையிடம், பல் டாக்டர் ஒன்றும் செய்ய மாட்டார் என்று அதே வாய் சொல்லும்போது அது நம்ப மறுக்கிறது. ‘வலிக்கவே வலிக்காது கண்ணு’ என்ற பொய் இன்னும் கெடுதல். மரத்துப்போக ஊசி குத்தும் அந்த நொடியில் மருத்துவர்மீதும் பெற்றோர்மீதும் இருந்த நம்பிக்கை ஒருசேரப் போய்விடும். உடனிருக்கும் உரிமையைக் கேட்கும் பெற்றோர், உடனிருக்கும் விதத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது: குழந்தையின் பார்வையில் படும்படி உட்கார்வது, மருத்துவர் பேசும்போது ஊடே பேசாமல் இருப்பது, ஊசி என்ற சொல்லைத் தாமாக எடுக்காமல் இருப்பது. இதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு மருத்துவருடையது. வெளியே போகச் சொல்வதைவிட இது கடினம், ஆனால் நெடுநாள் பயன் தருவது.

மாற்று கிடைத்தபோது

மனப்பாங்கு கைவசம் உள்ள மாற்றைப் பொறுத்தது என்பதற்கு நல்ல சான்று, நடத்தை மேலாண்மை ஆய்வுகளுக்குச் சற்று வெளியே கிடைக்கிறது. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தடவினால் அது பரவுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். ஊசி வேண்டாம், துளைப்பும் வேண்டாம். ஒரே குறை, சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். ஜப்பானில் 1970 முதல் புழக்கத்தில் இருந்த இதற்கு அமெரிக்கா 2014இல் அனுமதி கொடுத்தது.

நியூயார்க் வட்டாரத்தில் கிரிஸ்டல் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரிடம் கறுத்த பற்களின் படங்களைக் காட்டினார்கள். கடைவாய்ப்பல் கறுத்தால் பரவாயில்லை என்றவர்கள் 67.5 விழுக்காடு. முன்பல் கறுத்தால் பரவாயில்லை என்றவர்கள் 29.7 விழுக்காடு மட்டுமே. பிறகு கேள்வியை மாற்றினார்கள்: குழந்தைக்கு முழு மயக்கம் கொடுப்பதைத் தவிர்க்க இதுவே வழி என்றால்? முன்பல்லுக்கும் சம்மதித்தவர்கள் 60.3 விழுக்காடாக உயர்ந்தார்கள். அதே பெற்றோர், அதே பல், அதே கறை. மாறியது எதற்குப் பதிலாக என்பது மட்டுமே. அந்த மாற்றத்திலும் அசையாமல் நின்றவர்கள் பத்தில் நால்வர் என்பதையும் கவனிக்க வேண்டும். பெற்றோர் என்று ஒரே வகையினர் இல்லை.

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்ட வழியும் இத்தகையது. சொத்தை பட்ட பால் கடைவாய்ப்பல்லைத் துளைக்காமல், மரத்துப்போகும் ஊசியும் போடாமல், ஆயத்த எஃகு உறையைப் பசையோடு அப்படியே மாட்டிவிடுவார். வழக்கமான அடைப்போடு இதை ஒப்பிட்ட சோதனை 2007இல் வெளிவந்தது. 132 குழந்தைகள் பங்கேற்ற அதில், குழந்தைகளில் 77 விழுக்காட்டினரும் பெற்றோர் அல்லது காப்பாளர்களில் 83 விழுக்காட்டினரும் மருத்துவர்களில் 81 விழுக்காட்டினரும் ஹால் வழியையே விரும்பினார்கள். முக்கோணத்தின் மூன்று முனைகளும் ஒன்றுபடுவது அபூர்வம். இங்கே குழந்தையின் நடத்தையை அடக்கப் புது வழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. சிகிச்சையே அடக்கத் தேவையில்லாதபடி மாற்றப்பட்டது. பிடிப்பதா மயக்குவதா என்று பெற்றோரைக் கேட்கும் முன், துளைத்தே ஆக வேண்டுமா என்று துறை தன்னையே கேட்டுக்கொண்டதன் பலன் அது.

இங்கே நிலைமை

இந்தியாவில் 2002–03இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு, ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினருக்குப் பற்சொத்தை இருப்பதைக் கண்டது. இவர்களின் பெற்றோர் எடுக்கும் முடிவில் மேலை ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத சில கணக்குகள் சேர்கின்றன. முதலாவது, பால் பல் எப்படியும் விழுந்துவிடும் என்ற நம்பிக்கை. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது உண்மை. கடைவாய்ப் பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. நான்கு வயதில் சொத்தையானது இன்னும் ஆறேழு ஆண்டு மென்று தீர்க்க வேண்டிய பல். விழப்போகிற பல்லுக்கு இத்தனை பாடா என்று நினைக்கும் தந்தை எந்த முறையையும் ஏற்க மாட்டார். அவர் மறுப்பது முறையை அல்ல, சிகிச்சையின் தேவையை.

இரண்டாவது, பணம். பெரும்பாலான காப்பீடுகள் வழக்கமான பல் சிகிச்சையைச் சேர்ப்பதில்லை. முழு மயக்கம் என்றால் மயக்க மருத்துவர், மருத்துவமனை, படுக்கை என்று செலவு பன்மடங்காகும். ‘மயக்க ஊசி எல்லாம் வேண்டாம் டாக்டர், நானே பிடிச்சுக்கிறேன்’ என்று தாய் சொல்லும்போது அதில் அச்சம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வினாத்தாளால் பிரித்துச் சொல்ல முடியாது. இந்திய ஆய்வுகளில் முழு மயக்கம் பொதுவாகக் கீழிடத்தில் இருப்பதை ஒகையோவின் மூன்றாம் இடத்தோடு ஒப்பிட்டுப் பண்பாட்டு வேறுபாடு என்று மட்டும் சொல்லிவிடுவது அவசரம். மூன்றாவது, முடிவெடுப்பவர் பலர். தாய் கூட்டி வருகிறார், தந்தையிடம் தொலைபேசியில் கேட்கிறார், பாட்டி வேண்டாம் என்கிறார். ஆய்வுத்தாளில் குறி வைப்பவர் தாய். வீட்டில் கடைசிச் சொல் வேறொருவருடையது.

ஆய்வுகளின் வரம்புகளும் இங்கேதான் துலங்குகின்றன. பெரும்பாலானவை பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கு வந்த சில பத்து அல்லது சில நூறு பெற்றோரிடம், யாரோ ஒரு குழந்தையின் ஒளிப்பதிவைக் காட்டிக் கேட்கப்பட்டவை. ஊரார் பிள்ளையைக் காட்சியில் பார்த்துச் சொல்லும் கருத்தும், இரவெல்லாம் வலியில் துடித்த தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு பெரிய இடைவெளி, குழந்தையின் குரல். தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. எந்த வழியைத் தன்னால் தாங்க முடியும் என்று எட்டு வயதுக் குழந்தையால் சொல்ல முடியும். ஏற்பு ஆய்வுகளில் மிகச் சிலவே அதனிடம் கேட்டிருக்கின்றன.

வேளையும் விருப்பமும்

பெற்றோரின் மனப்பாங்கை ஒரு தடையாகவோ, சரிசெய்ய வேண்டிய அறியாமையாகவோ பார்க்கும் போக்கு துறையில் இன்னும் இருக்கிறது. இதுவரை பார்த்த சான்றுகள் அந்தப் பார்வைக்கு இடம் கொடுக்கவில்லை. நிலைமை மாறும்போது பெற்றோர் முடிவை மாற்றுகிறார்கள், விளக்கினால் கேட்கிறார்கள், மென்மையான மாற்று இருந்தால் அழகைக்கூட விட்டுக்கொடுக்கிறார்கள். அவர்களிடம் கேட்கத் தகுந்த கேள்வி, இந்த முறைக்குச் சம்மதமா என்பதல்ல. இன்று செய்தால் இது, ஒத்திப்போட்டால் அது, துளைக்காமல் செய்ய இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரம், இவ்வளவு செலவு, இந்த ஆபத்து. உங்கள் பிள்ளையை அறிந்த நீங்கள் எதை நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஆனால் அப்படி விரித்து வைக்க மருத்துவர் கையில் மாற்றுகள் இருக்க வேண்டும். முகம் வீங்கி, சீழ் கட்டி, காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு வெள்ளித் திரவமும் எஃகு உறையும் பயன்படா. பழகிக்கொள்ள நாலு நாள் வரச்சொல்லவும் நேரமில்லை. அன்று மிச்சமிருப்பவை பிடிப்பதும் மயக்குவதும் மட்டுமே. முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்று குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வலி இல்லாத நாளில் நாற்காலியில் ஏறி இறங்கிய குழந்தைக்கு அந்த அறை பழகியிருக்கும். அதன் பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்கப் பல வழிகள் இருக்கும். தாமதமாக வருபவரின் கையெழுத்தில் இருப்பது பெரும்பாலும் வேறு வழியின்மை. அதைச் சம்மதம் என்று எண்ணிப் பட்டியலிடும் ஆய்வு, பெற்றோரின் மனத்தை அளந்ததாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் வந்து சேர்ந்த வேளையைத்தான் அளந்திருக்கும்.